மடுவின் கரையில் எழுந்த கேள்வி

ராஞ்சியை 'அருவிகளின் நகரம்' என்று அழைப்பார்கள். ஆனால் நகரத்திற்குள் அருவி எதுவும் கிடையாது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில், பெரிய மேசை ஒன்றின் மேற்பரப்பைப் போல் பரந்து கிடக்கும் சோட்டா நாகபுரிப் பீடபூமியின் மீது அந்த நகரம் அமைந்திருக்கிறது. அங்கு ஓடும் ஆறுகள் வயல்களின் நடுவே, அதிக ஆழமும் அவசரமும் இன்றிச் செல்கின்றன. மேசையின் விளிம்பை அடைந்ததும் அவற்றிற்கு வேறு வழியில்லை, விழுகின்றன. சுவர்ணரேகை ஆறு ஹுண்ட்ரு என்னுமிடத்தில் 320 அடி விழுகிறது. காஞ்சி ஆறு தஸ்ஸம் என்னுமிடத்தில் 144 அடி விழுகிறது. (காஞ்சி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் அன்பர்களுக்கு ஒரு கோயில் நகரம் நினைவிற்கு வரும், எனக்கும் வந்தது.) கௌதமதாரா என்ற பெயரும் உடைய ஜோன்ஹா அருவியின் அருகே புத்தபிரானுக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. இவை யாவும் நகரத்திலிருந்து 40, 45 கிலோமீட்டர் தொலைவிற்குள் இருப்பவை. ஜோன்ஹாவிலும் ஹுண்ட்ருவிலும் அருவியின் அடிவாரத்தை அடைய 700-க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது எளிது, அத்தனை படிகளையும் திரும்ப ஏறவும் வேண்டும் என்பது அப்போது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு மொழிபெயர்ப்புப் பணி ஒன்றின் பொருட்டு அந்தப் பகுதியில் சில வாரங்கள் தங்க நேர்ந்தது. துர்கா பூஜை முடிந்த அடுத்த வாரம், ஞாயிறுதோறும் கீதை வகுப்பிற்கு வரும் இளைஞர்கள் பன்னிருவர் தஸ்ஸம் அருவிக்குக் கிளம்பினர். துணைக்கு என்னையும் அழைத்தனர். மழைக்காலம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சாலையிலிருந்து விலகி சால மரங்களுக்கிடையே செல்லும்போதே அருவியின் ஓசை கேட்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பகுதியில் வாழும் முண்டா மக்களின் மொழியில் 'தா' என்றால் நீர். தஸ்ஸம் என்ற பெயரே அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான் என்பர்.

அருவிக்குக் கீழே சற்றுத் தள்ளி, பாறைகளுக்கிடையே ஒரு மடு இருந்தது. பச்சை நிறத்தில், அசைவின்றி, பார்ப்பவரை 'வா' என்று அழைப்பது போன்ற மடு. அதன்மேல் நீட்டிக்கொண்டிருந்த, இரண்டு ஆள் உயரமுள்ள பாறையின்மீது எங்கள் குழுவைச் சேர்ந்த ஓர் இளைஞர் ஏறி நின்றார். பொறியியல் படிப்பவர்; வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்து கேள்விகள் கேட்பவர். கீழே நின்ற நண்பர்கள் கைதட்டினர். ஒருவர் கேமராவைத் தயாராகப் பிடித்துக்கொண்டார்.

அப்போது ஒரு குரல் எழுந்தது. இந்த அருவிகளில் உள்ளூர்க் கிராம இளைஞர்களைக் காவலுக்கு அமர்த்தியிருக்கிறார்கள். 'பர்யடன் மித்ரா', அதாவது சுற்றுலா நண்பர் என்று அவர்களுக்குப் பெயர். கையில் கயிறும் காற்றடைத்த டியூபுமாக ஒருவர் பாறைகளின் மீது தாவித் தாவி வந்தார். "இறங்குங்கள், இங்கே கூடாது" என்று அவர் இந்தியில் சொன்னார். இளைஞர் சிரித்தபடி என்னைப் பார்த்தார். "மகராஜ், அச்சமே மரணம் என்று சுவாமிஜி சொல்லியிருப்பதாகச் சென்ற வாரம்தானே வகுப்பில் பேசினோம்?" என்றார்.

நான் அவரை இறங்கி வரச் சொன்னேன். அவர் இறங்கினார். ஒரு சந்நியாசி சொன்னதால் இறங்கினாரே தவிர, தன் கேள்விக்கு விடை கிடைத்ததால் இறங்கவில்லை. அது அவரது முகத்திலேயே தெரிந்தது. திரும்பும் வழியில் வேனில் என் அருகில் அமர்ந்து மீண்டும் அதையே கேட்டார். இம்முறை கேலி இல்லை. "நான் கேட்டது தவறா, மகராஜ்? அச்சமின்மையை ஏட்டில் படிப்பது ஒன்று, வாழ்க்கையில் வேறொன்று என்று வைத்துக்கொள்ள வேண்டுமா?"

இது அதிகாரத்தால் அடக்கிவிடக் கூடிய கேள்வி அல்ல. நம்முடைய இயக்கத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்களை ஈர்த்த முதல் சொல்லே அச்சமின்மைதான். அந்தச் சொல்லை அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் அதை எடுத்துக்கொண்டு ஒரு பாறையின்மீது ஏறி நின்றதும் 'அதற்காக இப்படியா?' என்று கேட்பது நேர்மையாகாது. எனவே அவரது வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் எடுத்துவைக்கிறேன்.

சிறுவன் நரேந்திரன் ஊஞ்சலாடி மகிழ்ந்த சம்பக மரத்தில் பிரம்மராட்சசன் இருப்பதாகவும், ஏறினால் கழுத்தை முறித்துவிடும் என்றும் ஒரு முதியவர் அச்சுறுத்தினார். முதியவரின் தலை மறைந்ததும் நரேந்திரன் மீண்டும் அதே மரத்தில் ஏறினான். பரிவ்ராஜக நாட்களில் காசியில் குரங்குகள் துரத்தியபோது ஓடிய சுவாமிஜி, 'எதிர்த்து நில்' என்ற முதிய சாதுவின் குரல் கேட்டுத் திரும்பி நின்றார், குரங்குகள் பின்வாங்கின. 1892 டிசம்பரில் குமரிமுனையில் படகிற்குக் கொடுக்கக் காசில்லாத நிலையில் கடலில் குதித்து நீந்தியே பாறையை அடைந்தார். இவற்றையெல்லாம் நாம் மேடைதோறும் சொல்கிறோம், சிறுவர் நூல்களில் படங்களுடன் வெளியிடுகிறோம். இளைஞர் கேட்டார்: "அந்தக் கடலோரத்தில் ஒரு காவலர் இருந்து 'இறங்காதே' என்று சொல்லியிருந்தால், சுவாமிஜி திரும்பியிருப்பாரா?"

அதோடு அவர் நிற்கவில்லை. உயிரின்மீதுள்ள பற்று, அறிஞர்களையும் விடாத ஒரு கிலேசம் என்று பதஞ்சலி மகரிஷி யோக சூத்திரத்தில் வகுத்திருக்கிறார். அப்படியானால் எச்சரிக்கை என்பது அந்தக் கிலேசத்திற்கு நாம் சூட்டிய நாகரிகமான பெயர்தானே என்றார். அன்று வேனில் என்னிடம் இதற்கு முழுமையான விடை இருந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

ஆசிரமத்திற்குத் திரும்பிய இரவு, எம்.ஏ. படித்த நாட்களில் பாடமாக இருந்த ஓர் உரையாடல் நினைவிற்கு வந்தது. பிளேட்டோவின் 'லாக்கஸ்'. தங்கள் பிள்ளைகளுக்குக் கவசம் அணிந்து போரிடும் பயிற்சி அளிக்கலாமா என்று இரண்டு தந்தையர் கேட்கிறார்கள். லாக்கஸ், நிக்கியாஸ் என்ற இரண்டு படைத்தலைவர்களும் சாக்ரடீசும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கி, வீரம் என்றால் என்ன என்ற கேள்விக்கு வந்துசேர்கிறார்கள். லாக்கஸ், மனத்தின் உறுதிதான் வீரம் என்கிறார். சாக்ரடீஸ் அவரை மடக்குவதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று நம் விஷயத்திற்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமானது: கிணற்றில் இறங்கி மூழ்கும் கலை தெரிந்தவன் ஒருவன், தெரியாமலே இறங்குபவன் ஒருவன். இவர்களில் யார் அதிக வீரன்? தெரியாதவன்தான் என்று லாக்கஸ் முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகுதான், அப்படியானால் அறிவின்மையே வீரம் என்றாகிவிடுமே என்ற இக்கட்டில் சிக்கிக்கொள்கிறார். கைதட்டிய நமது நண்பர்களும் லாக்கஸின் முதல் பதிலைத்தான் சொன்னார்கள்.

அதே உரையாடலில் நிக்கியாஸ், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்ற அறிவுதான் வீரம் என்று விளக்கம் தருகிறார். சாக்ரடீஸ் அதையும் விடாமல் துருவிக் கேட்கிறார். உரையாடல் முடிவில்லாமலே முடிகிறது. இதில் வரலாற்றின் ஒரு விந்தை உண்டு. இந்த நிக்கியாஸ்தான் பின்னாளில், கி.மு. 413-இல், சிசிலியிலிருந்து ஏதென்ஸ் படையைப் பின்வாங்கச் செய்ய வேண்டிய தருணத்தில் சந்திர கிரகணம் ஏற்பட்டதைக் கண்டு அஞ்சிப் புறப்பாட்டைத் தள்ளிப்போட்டார். படை அழிந்தது, அவரும் மாண்டார். அஞ்ச வேண்டாததற்கு அஞ்சினால் நேர்வது இது. நரேந்திரன் சம்பக மரத்தில் ஏறியது இந்த வகை அச்சத்திற்கு எதிராகத்தான். அந்த மரத்தின் கிளை முறியும் தறுவாயில் இருந்து, ஒருவர் 'ஏறாதே, கிளை முறியும்' என்று சொல்லியிருந்தால் அது வேறு கதை. பிரம்மராட்சசன் வேறு, முறியும் கிளை வேறு. முன்னதைச் சோதித்துப் பார்த்து உதறிவிடலாம். பின்னதைச் சோதிப்பவன், சோதனையின் முடிவை அறிய இருக்கமாட்டான்.

நமது நூல்களும் இந்தப் பகுத்தறிவைப் பேசாமல் விடவில்லை. வள்ளுவப் பெருந்தகை அச்சத்தைப் பற்றிய முக்கியமான ஒரு குறளை 'அறிவுடைமை' அதிகாரத்தில் வைத்திருக்கிறார் என்பதே சிந்தனைக்குரியது. கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் சாத்துவிக புத்திக்கு இலக்கணம் கூறும்போது, செயலையும் விலகலையும், பந்தத்தையும் மோட்சத்தையும் அறிவதோடு, அச்சத்திற்குரியதையும் அச்சத்திற்குரியதல்லாததையும் பிரித்தறிவதையும் சேர்த்தே சொல்கிறார். அச்சமே இல்லாத புத்தியை அவர் அங்கே சாத்துவிகம் என்று சொல்லவில்லை.

அதற்கு ஐந்து சுலோகங்களுக்கு முன்பு தாமசச் செயலின் இலக்கணம் வருகிறது. மறுவாரம் வகுப்பில் இந்தச் சுலோகத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். நான்கு விஷயங்களை எண்ணிப் பாராமல், மயக்கத்தால் தொடங்கப்படும் செயல் தாமசம் என்கிறார் பகவான். அந்த நான்கு: பின்விளைவு, இழப்பு, பிறருக்கு நேரும் துன்பம், தன் சொந்த ஆற்றல். மடுவின் கரையில் நின்று இந்தச் சுலோகத்தைப் படித்தால், அந்த இடத்திற்கென்றே எழுதியது போலிருக்கும்.

கடைசியில் உள்ள ஆற்றலை முதலில் எடுத்துக்கொள்வோம். நகரத்து நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துபவர் அருவியின் அடியிலும் அப்படியே நீந்தலாம் என்று நினைக்கிறார். ஆனால் அருவி விழும் இடத்தில் நீர் வெறும் நீராக இருப்பதில்லை. காற்றும் நுரையும் கலந்த நீர் அது. அதன் அடர்த்தி குறைவு. ஆகவே அது உடலைத் தாங்குவதும் குறைவு. கை வீசினால் பிடிமானம் கிடைக்காது. விழும் நீர் அடியில் சென்று சுழன்று மேலெழுந்து மீண்டும் அருவியை நோக்கியே திரும்புகிறது. அதில் அகப்பட்டவரை அது கரைப்பக்கம் தள்ளுவதில்லை, உள்ளே இழுக்கிறது. நீர் கூழாங்கற்களைச் சுழற்றிச் சுழற்றிப் பாறையில் உரல் போன்ற குழிகளைக் குடைந்திருக்கும். பாறையின் அடிப்பகுதி குகை போல் அரிக்கப்பட்டிருக்கும். சென்ற ஆண்டு ஆழமாக இருந்த இடத்தில், இந்த ஆண்டு வெள்ளம் ஒரு பாறையைக் கொண்டுவந்து போட்டிருக்கலாம். பச்சை நிறமும் அமைதியும் இதில் எதையும் வெளியே காட்டுவதில்லை. மேலே வானம் தெளிவாக இருக்கும்போதே, தொலைவில் பெய்த மழை ஆற்றோடு வந்துசேர்வதும் உண்டு. தஸ்ஸத்தில் உயிரிழந்தவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்று அந்தக் காவல் இளைஞர் சொன்னபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

குமரிமுனையில் குதித்தவர் தன் ஆற்றலை அறியாமல் குதிக்கவில்லை. நீச்சல், மல்யுத்தம், படகு செலுத்துதல் யாவும் இளமையிலேயே பழகிய உடல் அது. மேலும், அவர் குதித்தது குதிப்பதற்காக அல்ல, பாறையை அடைவதற்காக. அந்தப் பாறையின் மீது அமர்ந்து அவர் சிந்தித்தது தன்னைப் பற்றி அல்ல என்பதை நாம் அறிவோம். 'சுவாமிஜி திரும்பியிருப்பாரா?' என்ற கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான்: கடலின் நிலையைச் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார், 'சந்நியாசிக்கு இது தேவையா?' என்று மட்டும் சொல்லியிருந்தால் குதித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இனி, பிறருக்கு நேரும் துன்பம். "என் உடல், என் உயிர், இதில் மற்றவருக்கு என்ன?" என்று இன்றைய இளைஞர்கள் கேட்பதுண்டு. மேலைநாட்டு அறவியலிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் மடுவின் கரையில் அந்த வாதம் நிற்காது. மூழ்குபவர் தனியாக மூழ்குவதில்லை. கரையில் நிற்கும் யாராவது ஒருவர் குதிக்கத்தான் செய்வார். அந்தக் காவல் இளைஞருக்கு அதுவே வேலை. அவருக்கும் கிராமத்தில் ஒரு வீடு இருக்கிறது. நாம் நமது துணிச்சலைக் காட்டும்போது, நம்மைக் கேட்காமலே அவரது உயிரையும் பணயமாக வைக்கிறோம்.

இதை நான் நூலறிவால் மட்டும் எழுதவில்லை. சொல்லத் தயங்கி, பிறகு சொல்வதே முறை என்று முடிவு செய்து எழுதுகிறேன்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, எங்கள் ஊருக்கு அருகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஓர் அருவிக்கு நண்பர்கள் ஏழெட்டுப் பேர் நடந்து சென்றோம். அங்கும் ஒரு மடு இருந்தது. அதன்மேல் ஒரு பாறையும் இருந்தது. நான் ஏறினேன், குதித்தேன், நீந்திக் கரையேறினேன். கைதட்டல் கிடைத்தது. ஈரத்தோடு நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது, எனக்குப் பின்னால் என் நெருங்கிய நண்பன் குதித்தான். அவனுக்குக் கிணற்று நீச்சல்கூடச் சரியாகத் தெரியாது. அது எனக்குத் தெரியும். அவன் பாறையில் ஏறியதையும் பார்த்தேன். 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

அவன் பக்கவாட்டாக நீரில் அடிபட்டு விழுந்து மூழ்கினான். அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இறங்கி, தன் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து வீசி, பிறகு தானே பாய்ந்து அவனை இழுத்துப் போட்டார். நாங்கள் ஏழு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நண்பன் பிழைத்தான். ஆனால் நீரில் மோதிய வேகத்தில் இடது காதின் செவிப்பறை கிழிந்து, பிறகு சீழ் பிடித்து, அந்தக் காதின் கேட்கும் திறன் திரும்பவே இல்லை.

அவன் என்மீது ஒருநாளும் பழி சொன்னதில்லை. பல ஆண்டுகள் கழித்து, நான் ஆசிரமத்தில் சேர்வதற்கு முன் விடைபெறச் சென்றபோது, நானாகவே அந்தப் பேச்சை எடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டு சொன்னான்: "நீ குதித்துவிட்டாய். நான் குதிக்காவிட்டால் பயந்தாங்கொள்ளி என்று சொல்வீர்களே என்று பயமாக இருந்தது. அதனால்தான் குதித்தேன்."

பயத்தினால் குதித்தேன் என்று சொன்னான்! அவன் சாதாரணமாகச் சொன்ன அந்த வாக்கியம் என்னை நெடுநாள் விடவில்லை. ஏனெனில், நான் குதித்ததற்கும் காரணம் அதுதான் என்பதை அப்போது உணர்ந்தேன். கீழே யாருமே இல்லாமல், நான் மட்டும் தனியாக அந்த மலைக்குச் சென்றிருந்தால் அந்தப் பாறையில் ஏறியிருப்பேனா? ஏறியிருக்க மாட்டேன். மடுவைப் பற்றிய அச்சத்தை நான் வெல்லவில்லை. அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று, மற்றவர் கண்ணில் சிறியவனாகிவிடுவேனோ என்ற அச்சம், என்னைப் பின்னாலிருந்து தள்ளியது. அச்சமில்லாதவனைப் போல் காற்றில் பாய்ந்த அந்தக் கணத்தில் நான் முழுக்க முழுக்க அச்சத்தின் கையில் இருந்தேன்.

இரண்டாவது ஒன்று இருக்கும்போதுதான் அச்சம் எழுகிறது என்று பிருஹதாரண்யக உபநிடதம் கூறுகிறது. தன்னையன்றி வேறொன்று இல்லை என்று உணர்ந்தபோது ஆதி புருஷனின் அச்சம் அகன்றது என்பது அங்குள்ள விளக்கம். இதை வேதாந்த வகுப்புகளில் மிக உயர்ந்த தத்துவமாகப் படிக்கிறோம், அது உயர்ந்ததுதான். ஆனால் பாறையின்மீது நிற்கும் இளைஞனுக்கு 'இரண்டாவது' என்பது பிரம்மத்திற்கு வேறான மாயை அல்ல. கீழே கைதட்டும் கூட்டம்தான் அவனுக்கு இரண்டாவது. நண்பன் கையிலுள்ள கேமராதான் இரண்டாவது. அவர்கள் இல்லையென்றால் அவன் செயலே இல்லை. உபநிடதம் சொல்லும் அபயம் அங்கே இருந்தால், கைதட்டும் கூட்டத்தின் முன்னிலையில் பாறையிலிருந்து மெல்ல இறங்கி வர அவனால் முடியும். இறங்கி வருவதற்குத்தான் அங்கே அதிக தைரியம் வேண்டும்.

பதஞ்சலி சொன்ன கிலேசம் பற்றிய கேள்விக்கும் இங்கேதான் விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உயிர்ப்பற்று கிலேசம் என்றால், 'நான்' என்னும் எண்ணமும் கிலேசம் என்று அதே பட்டியலில் அவர் சொல்லியிருக்கிறாரே! ஒரு கிலேசத்தை இன்னொரு கிலேசத்தால் மிதித்துக்கொண்டு மேலேறுவதற்கு யோகம் என்று பெயரில்லை.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கே சிறிது விலகிச் செல்ல அன்பர்கள் அனுமதிக்க வேண்டும். சுவாமிஜியின் சொற்பொழிவுகளில் அச்சமின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வரும்போதெல்லாம் முன்பு நான் 'துணிச்சல்' என்று எழுதிவந்தேன். வாக்கியம் விறுவிறுப்பாக அமையும். பிறகு ஒரு மூத்த சுவாமி பிரதியைப் படித்துவிட்டு அந்தச் சொல் வந்த இடங்களிலெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். விளக்கம் எதுவும் எழுதவில்லை. யோசித்தபோது காரணம் புரிந்தது. 'துணிதல்' என்றால் நம் மொழியில் முடிவு செய்தல் என்றே பொருள். ஆராய்ந்து கண்ட முடிவைத் 'துணிபு' என்பார்கள். 'துணிவு' என்ற சொல்லுக்குள்ளேயே சிந்தனை இருக்கிறது. நமது பேச்சில் துணிச்சல் என்ற வடிவத்தை அது அடைந்தபோது அந்தச் சிந்தனை வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. 'அபயம்' என்ற சொல்லின் கதை இன்னும் அழகானது. வடமொழியில் அச்சமின்மை என்று பொருள்படும் அது, தமிழில் பெரும்பாலும் அடைக்கலம் என்ற பொருளில் வழங்குகிறது. அபயம் உடையவன், பிறருக்கு அபயம் அளிப்பவனாக இருக்க வேண்டும் என்று தமிழ் மக்கள் தீர்மானித்துவிட்டார்கள் போலும்! இப்போதெல்லாம் 'அஞ்சாமை' என்று எழுதுகிறேன். விறுவிறுப்பு சற்றுக் குறைகிறது, பரவாயில்லை.

அந்த வகுப்பில், கேள்வி கேட்ட இளைஞரே ஒரு கதையை நினைவுபடுத்தினார். எல்லாம் நாராயணன் என்று குரு சொன்னதைக் கேட்டு, மதம் பிடித்து ஓடிவரும் யானையின் முன்பு விலகாமல் நின்ற சீடனைப் பற்றி பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய கதை அது. யானையும் நாராயணன்தான், ஆனால் 'விலகு, விலகு' என்று கத்திய பாகனும் நாராயணன்தானே, அவன் சொல்லை ஏன் கேட்கவில்லை என்று குரு கேட்கிறார். "யானை நாராயணனைத்தான் நான் பார்த்தேன், பாகன் நாராயணனைப் பார்க்கவில்லை" என்றார் இளைஞர். வகுப்பு சிரித்தது; அவரும் சிரித்தார்.

ஆனால் எனக்கு அந்தக் கதையில் வேறொன்று தைத்தது. பாகனை ஏன் நாம் எளிதில் கேட்பதில்லை? நகரத்திலிருந்து வேனில் சென்று இறங்கிய நாங்கள் கீதையும் வேதாந்தமும் படித்தவர்கள். அவர் கிராமத்து இளைஞர். செருப்பின்றிப் பாறைகளில் தாவுபவர். அவர் சொன்னதை எங்களில் ஒருவரும் செவிமடுக்கவில்லை. நான் சொன்ன பிறகுதான் கேட்டார்கள். அந்த மடுவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எதுவும் தெரியாது. அங்கே குருவாக இருக்கத் தகுதி பெற்றவர் அவர்தான். எந்தப் பாறையின் அடியில் குகை இருக்கிறது, எந்த மாதத்தில் சுழல் எந்தப் பக்கம் நகரும் என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. அறிவு நமக்குப் பழக்கமான உடையில் வராவிட்டால் நாம் அதை அடையாளம் காண்பதில்லை. அதுவும் ஒருவகை மூழ்குதல்தான் என்று அன்று வகுப்பில் சொல்லவில்லை. எனக்கே அது சங்கடமாக இருந்தது.

இப்படியெல்லாம் எழுதியதால், அருவிகளுக்கே செல்லாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். கணினித் திரையின் முன் ஆறு நாட்கள் அமர்ந்துவிட்டு, ஏழாம் நாள் காட்டு வழியில் நடந்து, வியர்த்து, குளிர்ந்த நீரில் காலை வைக்கும் இளைஞன் மனத்தளவிலும் ஏதோ ஒன்றைக் கழுவிக்கொண்டுதான் திரும்புகிறான். இமயத்தின் ஓடைகளில் நீராடி நடந்தவர்களின் மரபில் வந்தவர்கள் நாம். அச்சத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் உறுதியைத் தாமச உறுதி என்று அதே பதினெட்டாம் அத்தியாயம் கூறுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. எச்சரிக்கை என்ற பெயரில் வாழ்க்கை முழுவதும் கரையிலேயே நின்றுவிடுவதும் சாத்தியம்.

என் விஷயத்தில் அது நடந்தது. நண்பனுக்கு அந்த விபத்து நேர்ந்த நாள் முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நான் எந்த ஆற்றிலும் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஹரித்வாரில்கூடச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே குளித்துவிட்டு வந்தேன். கேட்பவர்களிடம் விவேகம் என்று சொல்லிக்கொண்டேன். அது விவேகமா, அல்லது பத்தொன்பது வயதில் பிடித்த அச்சத்தை விடாமல் பற்றியிருந்த தாமச உறுதியா என்று இன்றும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. உள்ளிருந்து பார்த்தாலும் பல நாட்களில் அப்படியே இருக்கின்றன.

ராஞ்சியிலிருந்து நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறன்று அதே இளைஞர்கள் மீண்டும் அழைத்தனர். இம்முறை இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அந்தப் பொறியியல் மாணவர்: குந்தி நகருக்கு அப்பால் உள்ள பஞ்சகாக். அங்கே பனை ஆறு ஐந்து தாரைகளாகப் பிரிந்து, அதிக உயரமில்லாத பாறைகளின் மீது வரிசையாக இறங்குகிறது. மற்ற அருவிகளைவிட ஆபத்து குறைந்த இடம் என்று பெயர். அங்கிருந்த காவல் இளைஞரிடம் அவரே சென்று, எதுவரை இறங்கலாம் என்று கேட்டு வந்தார். அவர் ஒரு தட்டைப் பாறையைக் கைகாட்டி, அதற்கு இந்தப் பக்கம் மட்டும் என்றாராம்.

இளைஞர்கள் இறங்கினார்கள். நான் காவி வேட்டியைச் சற்று உயர்த்திக் கட்டிக்கொண்டு கரையில் நின்றேன். "மகராஜ், இங்கே இடுப்பளவுதான். நான் பார்த்துவிட்டேன்" என்று அந்த மாணவர் கையை நீட்டினார். காவல் இளைஞரைப் பார்த்தேன். அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டுத் தலையசைத்தார். நீர் நான் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.